கேட்சர் மகாலட்சுமி

"அக்கா, இருக்கீங்களா?" என்று பதினெட்டு மீட்டருக்கு அப்பாலிருந்து மோனிகா கேட்டாள்.

மகாலட்சுமி இருந்தாள். இருக்க விருப்பமே இல்லாமல் இருந்தாள். முகத்தில் கம்பி வைத்த முகமூடி, மார்பில் தலையணை போல ஒரு கவசம், முழங்காலுக்குக் கீழே இரண்டு பிளாஸ்டிக் தகடுகள். இத்தனையையும் மாட்டிக்கொண்டு மட்டை பிடித்தவளுக்குப் பின்னால் குந்தியிருந்தாள். இத்தனை பாதுகாப்பு கொடுக்கிறார்கள் என்றால் ஆபத்து எவ்வளவு இருக்கவேண்டும் என்று கணக்குப் போட்டதில்தான் அவளுக்குப் பாதி உயிர் போயிருந்தது.

"இருக்கேன் புள்ள" என்றாள். சொன்ன கையோடு கண்களை இறுக்க மூடிக்கொண்டாள்.

காற்றைக் கிழித்துக்கொண்டு ஏதோ வந்தது. கையிலிருந்த கிளவுஸுக்குள் பட்டென்று விழுந்தது. உள்ளங்கை எரிந்தது. மூக்கு இருந்த இடத்தில் இருக்கிறதா என்று ஒருமுறை சுருக்கிப் பார்த்துக்கொண்டு கண்ணைத் திறந்தாள்.

மட்டை பிடித்த பக்கத்து எஸ்டேட் பெண், வீசிய மட்டையோடு திரும்பி, "பந்து எங்கீங்க போச்சு?" என்று கேட்டாள்.

"இங்கதானுங்க இருக்குது" என்று மகாலட்சுமி கிளவுஸை விரித்துக் காட்டினாள். அவளுக்கே அது அப்போதுதான் தெரியும்.

மூன்று முறை இப்படி மட்டையை வீசிக் கோட்டைவிட்டால் ஆள் அவுட். அந்தப் பெண் மூன்றாவது முறையும் காற்றை அடித்துவிட்டுப் போனாள். மைதான ஓரத்தில் பி.டி. மாஸ்டர் வசந்தகுமார் இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு குதித்தார்.

எல்லா வினைக்கும் காரணம் அந்த மனிதர்தான். எங்கிருந்தோ ஒரு செட் பேஸ்பால் சாமான் அவர் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. பெண்கள் அணி ஒன்றை ஆட வைக்காவிட்டால் சாமானைத் திருப்பி அனுப்பவேண்டும் என்று ஒரு காகிதமும் கூடவே வந்தது. வந்த பொருளைத் திருப்பி அனுப்ப வசந்தகுமாருக்கு மனசு வரவில்லை. கோத்தகிரிக்குக் கீழே இருந்த தேயிலை ஃபேக்டரிக்கு வந்து, தூளிலிருந்து நார் பொறுக்கும் பெண்களைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

மோனிகாவைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. பத்தொன்பது வயது, இடது கைக்காரி. பன்னிரண்டாவது முடித்த கையோடு நார் பொறுக்க வந்தவள். எஸ்டேட் லைன் வீட்டுக்குப் பின்னால் அவரைக்கொடியில் ஏறும் குரங்குகளைச் சின்ன வயதிலிருந்தே கல்லால் விரட்டிப் பழகிய தோள். சாப்பாட்டு நேரத்தில் அவள் விட்டெறிந்த ஒரு கல்லைப் பார்த்துவிட்டு வசந்தகுமார் கையிலிருந்த டீயைக் குடிக்கவே மறந்துபோனார். வலது கைப் பந்தையே பார்த்துப் பழகியவர்களுக்கு இடது கைப் பந்து வேறு திக்கிலிருந்து வரும், மட்டை பிடிக்கிறவர்கள் திணறிப்போவார்கள் என்று சொன்னார்.

பிடிக்கிற ஆளைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டமாக இருந்தது. கேட்சர் என்பவள் இரண்டு மணி நேரம் குந்தி உட்காரவேண்டும். இளம்பெண்கள் பத்தாவது நிமிடம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்கள். நாற்பத்தொரு வயது மகாலட்சுமியோ இருபத்திரண்டு வருடமாக நாள் பூராவும் குந்தி உட்கார்ந்து நார் பொறுக்குகிறவள். அதோடு மோனிகாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்து, அந்தப் பெண்ணின் இடது முழங்கை தினமும் விலாவில் இடிப்பதை ஒரு வருடமாக வாய் பேசாமல் வாங்கிக்கொண்டவள்.

"நீங்க ஒண்ணுமே செய்ய வேண்டாமுங்க்கா. சும்மா உக்காந்திருந்தாப் போதும். பந்து தானா வரும்" என்றார் வசந்தகுமார்.

அவர் பொய் சொல்லவில்லை. பந்து தானாகத்தான் வந்தது. மகாலட்சுமிக்கு அதுதான் பிரச்சினை. குக்கர் மூன்றாவது விசில் அடிக்கப்போகிறது என்றால் வாசலுக்குப் போய் நின்றுகொள்கிற பெண் அவள். தீபாவளி முடிந்து நாலு நாள் வரைக்கும் காதிலிருந்து பஞ்சை எடுக்கமாட்டாள். கல் மாதிரி ஒரு பந்து முகத்தைப் பார்த்து வந்தால் அவள் என்ன செய்வாள்? கண்ணை மூடிக்கொண்டாள். கிளவுஸை முகத்துக்கு முன்னால் நீட்டிக்கொண்டு, பிள்ளையாரை நினைத்துக்கொண்டு, ஆணி அடித்தது போல உட்கார்ந்திருந்தாள். பந்து அதுவாக வந்து கிளவுஸுக்குள் புகுந்துகொண்டது.

பக்கத்து எஸ்டேட்டோடு ஆடிய அன்று சாயங்காலம் கணவன் சுடலைமணியிடம் மட்டும் ரகசியத்தைச் சொன்னாள். ஃபேக்டரிக்கு இலை ஏற்றி வரும் வண்டி ஓட்டுகிறவன் அவன்.

"கண்ணை மூடிக்கிட்டா புடிக்கறே?" என்று அவன் சோற்றுத் தட்டிலிருந்து நிமிர்ந்தான். "பல்லுகில்லு போச்சுன்னா?"

"என் கண்ணு மூடியிருந்தா என்னங்க, அந்தப் புள்ள கண்ணு தொறந்துதானே இருக்குது? நான் கை நீட்டுன எடத்துக்கு அப்படியே கொண்டாந்து போடறா. ரெண்டு பேருக்கும் சேர்த்து அவ பாத்துக்கறா."

"என்னமோ போ" என்றான் சுடலைமணி. "வண்டியில நானும் அப்படித்தான் கிளீனரை நம்பி ரிவர்ஸ் எடுக்கறேன்."

அது அவளுக்குப் பெரிய தைரியத்தைக் கொடுத்துவிடவில்லை. போன மாதம்தான் அவன் வண்டி பின்பக்கமாகப் போய்ச் சாக்கடையில் இறங்கியிருந்தது.

எஸ்டேட் லீகின் கடைசி ஆட்டம் வந்தது. மோனிகாவின் பந்து அதற்குள் இன்னும் வேகம் ஏறியிருந்தது. ஃபேக்டரி எடைக் கொட்டகைக்கு எதிரில் நடந்த பயிற்சியின்போது கிளவுஸின் தோல் தையல் ஒன்று தெறித்து மகாலட்சுமியின் காதோரமாகப் பறந்தது. அன்றைக்கே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். வேகம் குறைந்தால் பயமும் குறையும். நேராக மோனிகாவிடம் போனாள்.

"புள்ள, நாளைக்கு நடுநடுவுல கொஞ்சம் மெதுவாப் போடேன். எனக்காக."

"சரிங்க்கா" என்றாள் மோனிகா. சொன்ன பேச்சைத் தட்டாத பெண்.

மறுநாள் அவள் நடுநடுவே மெதுவாகப் போட்டாள். வேகமான பந்துக்கென்று மட்டையை ஓங்கி நின்றவர்கள் பந்து பாதி வழியில் இருக்கும்போதே வீசி முடித்தார்கள். ஒருத்தி வீசிய வேகத்தில் சுற்றிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கோப்பை இவர்களுக்குக் கிடைத்தது.

"வேகத்தக் கொறைக்கச் சொன்னது யாருங்க?" என்று வசந்தகுமார் கேட்டார்.

மோனிகா மகாலட்சுமியைக் காட்டினாள்.

"என்ன மூளைங்க்கா உங்களுக்கு" என்று அவர் கையெடுத்துக் கும்பிட்டார். "இனிமே எந்தப் பந்து எப்படிப் போடணும்னு நீங்கதான் சொல்றீங்க. விரலைக் காட்டுனாப் போதும். ஒரு விரல்னா வேகம், ரெண்டு விரல்னா மெதுவு. அடுத்தது தாலுகா லீக்."

ஓடிவிடப் பார்த்தவளை இப்படி அணியின் மந்திரியாக்கிவிட்டார்கள். அவள் வேண்டிக்கொண்டே இரண்டு விரலைக் காட்டினால், பயத்தில் விரல் மடங்கி ஒன்றாகிவிடும். வேகப் பந்து வரும். மெதுவுக்குக் காத்திருந்தவள் அவுட். வசந்தகுமார் ஓரத்திலிருந்து மெய்சிலிர்ப்பார்.

தாலுகா லீக் குன்னூரில் நடந்தது. போகும்போதே மகாலட்சுமி முழங்காலில் ஒரு பெரிய கட்டுப் போட்டுக்கொண்டாள். இரண்டு நாளாக நொண்டிப் பழகியும் வைத்திருந்தாள்.

"காலை மடக்கவே முடியலீங்க" என்று வசந்தகுமாரிடம் சொன்னாள். "வேற யாரையாச்சும் உக்கார வைங்க."

அவருக்கு முகம் செத்துப்போனது. ஆனாலும் ஆள் வைத்திருந்தார். ஜீவிதா என்று ஒரு பெண், கோயம்புத்தூரில் விளையாட்டுக் கல்லூரியில் படித்தவள், உண்மையான கேட்சர். வாயில் பல்லைக் காக்கும் ரப்பரைக் கடித்துக்கொண்டு, முதுகை நேராக வைத்துக்கொண்டு, கண்ணை அகலத் திறந்துகொண்டு உட்கார்ந்தாள். பார்வையாளர் வரிசையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்த மகாலட்சுமிக்கு அவளைப் பார்க்கவே பெருமையாக இருந்தது. இனி நார் பொறுக்கிக்கொண்டு நிம்மதியாகக் காலம் தள்ளலாம்.

"அக்கா, இருக்கீங்களா?" என்று மோனிகா கேட்டாள்.

ஜீவிதா வாய் திறக்கவில்லை. ரப்பரைக் கடித்துக்கொண்டு எப்படித் திறப்பது? கிளவுஸை உயர்த்திக் காட்டினாள்.

"அக்கா?"

கிளவுஸை இன்னும் உயர்த்திக் காட்டினாள்.

முதல் பந்து ஸ்கோர் எழுதுகிறவரின் குடையைத் துளைத்தது. இரண்டாவது பந்து வேலிக்கு அந்தப் பக்கம் டீ விற்றுக்கொண்டிருந்த சுப்பண்ணனின் கேனைச் சாய்த்தது. மூன்றாவது பந்து அம்பயரின் தோளில் விழுந்தது. அவர் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா என்று உட்கார்ந்துவிட்டார்.

வசந்தகுமார் ஓட்டமாக வந்தார். கூடவே மோனிகாவும் வந்தாள். ஆட்டத்தின்போது எப்போதும் செய்வது போலத் தொப்பியை மூக்கு வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள். அதற்குக் கீழே கன்னத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

"அக்கா, நீங்க இல்லாட்டி எனக்கு வராதுங்க்கா" என்றாள்.

"கால் வலிக்குது புள்ள."

"ஸ்டேட் டீம்ல எடுத்துட்டா காலேஜ்ல சீட்டும் ஹாஸ்டலும் தர்றாங்கன்னு சார் சொன்னாருங்க. நான் படிக்கணுங்க்கா."

மகாலட்சுமி முழங்கால் கட்டின் முடிச்சைத் தடவிப் பார்த்தாள். ஒரு வருடமாக விலாவில் இடிக்கும் முழங்கைதான். ஆனால் அந்தப் பெண் தூளில் நார் பொறுக்கும்போதே பழைய பேப்பரை மடியில் விரித்து வைத்துப் படிக்கிறவள் என்பதும் அவளுக்குத் தெரியும். தான் ஒதுங்கிக்கொண்டால் அவள் திரும்பி வந்து தன் பக்கத்தில் குந்தி உட்காரவேண்டியதுதான். தானும் பத்தொன்பது வயதில்தான் அங்கே குந்த ஆரம்பித்தாள்.

முழங்கால் கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, ஜீவிதாவிடமிருந்து முகமூடியை வாங்க மைதானத்துக்குள் நடந்துபோனாள். நொண்ட மறந்துபோனதை யாரும் கவனிக்கவில்லை.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன் புள்ள."

பந்து கிளவுஸுக்குள் வந்து விழுந்தது. அம்பயரின் தோளைப் பார்த்திருந்த குன்னூர்ப் பெண்கள் அதற்குப் பிறகு மட்டையை நீட்டிக்கொண்டு ஒரு கஜம் தள்ளியே நின்றார்கள். அங்கிருந்து பந்து எட்டவே எட்டாது. கோத்தகிரி ஜெயித்தது.

அடுத்தது மாவட்ட லீக், ஊட்டியில். உதடு வெடிக்கிற குளிர். மகாலட்சுமி இந்த முறை யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. இரண்டு ராத்திரி படுக்கையில் புரண்டு யோசித்து ஒரு வழி வைத்திருந்தாள். பந்து வருவது கிளவுஸுக்குத்தானே? கையை மட்டும் பந்து வரும் இடத்தில் நீட்டி வைத்துவிட்டு, உடம்பையும் தலையையும் வலது பக்கம் சாய்த்துக்கொண்டால் என்ன? கை போனாலும் மூக்கு மிஞ்சும்.

சாய்ந்துகொண்டாள். சாய்ந்தவாக்கில், "இருக்கேன் புள்ள" என்றாள்.

பந்து கிளவுஸின் பக்கமே வரவில்லை. நேராக அவள் முகத்துக்கு வந்தது. முகமூடிக் கம்பியில் ணங் என்று மோதி, கம்பி ஒன்று உள்ளே வளைந்து, அவள் மூக்குக்கு அரை விரற்கடை முன்னால் நின்றது. மட்டை பிடித்தவள் விலகிப் போன பந்தைப் பயத்தில் எட்டி வீசி அவுட் ஆனாள்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா" என்று வசந்தகுமார் எல்லோரையும் கேட்டார். "பந்து வளையுது. நான் சொல்லியே குடுக்கல, தானா வளைக்கறா."

இடது கைக்காரியின் பந்து பாம்பு மாதிரி வளைகிறது என்ற செய்தி அரை மணி நேரத்தில் மைதானம் பூராவும் பரவியது. வளையாத பந்துக்கும் வளைத்து மட்டை வீச ஆரம்பித்தார்கள். மாவட்டக் கோப்பையும் வந்து சேர்ந்தது.

மகாலட்சுமி மட்டும் வளைந்த கம்பியைத் தடவிக்கொண்டே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தாள். அவள் சாய்ந்தால் பந்தும் சாய்கிறது. அப்படியானால் அந்தப் பந்துக்கு அவள்மேல் தனிப்பட்ட விரோதம் ஏதாவது இருக்கவேண்டும்.

"நீ என்னத்துக்கு அசைஞ்சே?" என்றான் வீட்டில் கதையைக் கேட்ட சுடலைமணி. "அந்தப் புள்ள உன்னையே பாத்துப் போடுது. நீ நகந்தா அதுவும் உன்னோட நகருது. ஆணி அடிச்ச மாதிரி உக்காரு."

அது சரியாகத்தான் பட்டது. அதன்பிறகு அவள் மூச்சைக்கூட அளந்துதான் விட்டாள்.

மேற்கு மண்டலக் கடைசி ஆட்டம் கோயம்புத்தூரில். எதிரணிக்காரர்கள் ஆதரவுக்கு இரண்டு தப்பட்டையைக் கொண்டு வந்திருந்தார்கள். அடித்த அடியில் மைதானம் அதிர்ந்தது. வெயிலில் முகமூடிக்குள் வியர்வை ஊற்றியது. மகாலட்சுமி அசையவில்லை.

"அக்கா, இருக்கீங்களா?"

"இருக்கேன் புள்ள."

பந்து வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு வராத பந்துக்குக் காத்திருப்பதைவிடக் கொடுமை இல்லை. 

"அக்கா, இருக்கீங்களா? கேக்கலீங்க்கா."

"இருக்கேன்."

மறுபடியும் பந்து இல்லை. தப்பட்டை இன்னும் ஓங்கி அடித்தது. மூன்றாவது முறையும் அவள் கேட்டபோது மகாலட்சுமிக்குப் பயமெல்லாம் திரண்டு தொண்டைக்கு வந்துவிட்டது.

"இருக்கேண்டி, இங்கதான் இருக்கேன், போட்டுத் தொலை" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். தப்பட்டைக்காரன் குச்சியைக் கீழே போட்டுவிட்டான்.

வந்த பந்து இதுவரை வந்த எந்தப் பந்தும் போல இல்லை. கிளவுஸோடு அவளையும் பின்னுக்குத் தள்ளி அம்பயர் மடியில் உட்கார வைத்தது. கட்டைவிரல் வாழைப்பூ மாதிரி வீங்கியது. ஆனால் பந்து கிளவுஸுக்குள்தான் இருந்தது. கடைசி ஆளும் அவுட்.

மாநில அணிக்கு ஆள் எடுக்கும் மருதாம்பாள் மேடம் கையில் வேகம் அளக்கும் கருவியோடு இறங்கி வந்தார். நரைத்த கிராப்பும் விசிலும் வைத்திருந்த அவர், மகாலட்சுமிக்கு எதிரில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"ரெண்டு பேரையும் எடுத்துக்கறேன். பந்து போடற பிட்சரையும் புடிக்கற கேட்சரையும் பிரிக்க மாட்டேன். ஒரு வருஷம், சென்னையில கேம்ப். பொண்ணுக்குக் காலேஜ் சீட்டுக்கு நானே லெட்டர் தர்றேன்."

பக்கத்தில் நின்ற மோனிகா மகாலட்சுமியின் வீங்காத கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

இனிமேல் உண்மையைச் சொல்வதைத் தவிர வழியில்லை என்று மகாலட்சுமிக்குப் பட்டது. மோனிகாவைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"மேடம், ஒரு விஷயமுங்க. நான் பந்தைப் பாத்ததே இல்லீங்க."

"அப்படின்னா?"

"கண்ணை மூடிக்கிட்டுத்தானுங்க புடிக்கறேன். பயமுங்க. அவ கண்ணு தெளிவா இருக்கறதுனால நான் கைய நீட்டுன எடத்துக்கு அவளே கொண்டாந்து போட்டுடறா. என்னை உட்டுடுங்க. அவள மட்டும் எடுத்துக்குங்க."

மருதாம்பாள் மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"முப்பது வருஷமா இந்தத் தொழில்ல இருக்கேன்" என்றார். "தன் பிட்சரோட கண்ணை இவ்வளவு நம்புற கேட்சரை நான் பாத்ததில்ல. கையெழுத்துப் போடுங்க. ஒரு வருஷம் நடுவுல போக முடியாது, படிச்சுப் பாத்துக்குங்க. நீங்க இருக்கற தைரியத்துல அவ வேகத்த இன்னும் கூட்டப் போறேன்."

"இன்னுமா?"

"இது பாதிதான்."

தண்ணீர் பாட்டிலோடு மோனிகா ஓடி வருவது தெரிந்தது. கால் தரையில் பாவவில்லை. மகாலட்சுமி வீங்கிய கட்டைவிரலோடு பேனாவைப் பிடித்தாள். கையெழுத்து வேறு யாரோ போட்டது போல வந்தது.

மேட்டுப்பாளையத்தில் பஸ் மாறி அவர்கள் ஊர் வந்து சேரும்போது சாயங்கால இலை நிறுத்துக்கொண்டிருந்தார்கள். மோனிகா செய்தியைச் சொல்ல ஃபேக்டரிக்குள் ஓடிவிட்டாள். எடைக் கொட்டகை ஓரத்தில் சாக்கை உதறிக்கொண்டிருந்தாள் அவள் அம்மா அன்னம். இலை பறிக்கிறவள், அதிகம் பேசாதவள். சங்கதியைக் கேட்டதும் சாக்கைப் போட்டுவிட்டு மகாலட்சுமியின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"எம்புள்ளைக்கு நீங்க செஞ்சத நான் மறக்க மாட்டேனுங்க்கா. தெனமும் பிராக்டீஸ்ல இந்தக் கொட்டாய்ல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருப்பேன், உங்க முதுகுக்குப் பின்னாடி. எனக்கே அடிவயிறு கலங்கும். உங்களுக்குப் பயமே இல்லீங்களா?"

"இல்லாம என்ன அன்னம்? உசுரு போயி உசுரு வருது. இனி ஒரு வருஷத்துக்கு இதுக்கு மேல வேகமாம். என்ன பண்றது, உன் புள்ளையோட கண்ணை நம்பித்தான் கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன்."

அன்னம் புரியாமல் அவளைப் பார்த்தாள்.

"அவ எங்கீங்க்கா கண்ணைத் தொறக்கறா? உங்க மேல பட்டுருமோன்னு பயந்துக்கிட்டு, உங்க குரலைக் கேட்டுக் கைய ஓங்குனதுமே இறுக்க மூடிக்குவாளே."